கோவைக்கு வேண்டுவது தெருத்தொடரி

கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ தொடர்வண்டி அமைத்தற்கென மாநில அரசு வரைந்து விடுத்த திட்டங்களை 2025 நவம்பர்த் திங்களில் நடுவணரசு திருப்பி அனுப்பிவிட்டது. அன்றுதொட்டு மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் எழுந்த பேச்சனைத்தும், தில்லி கொடுத்ததா மறுத்ததா என்பதையே சுற்றிச் சுற்றி வருகின்றது. நாம் கேட்டது எது, அது கோவைக்குப் பொருந்துவதா, அதனினும் பொருத்தமான வேறொன்று உண்டா என்று ஆய்ந்தவர் மிகச் சிலரே. மறுப்பைக் கண்டு சினங்கொண்டவருள் யானும் ஒருவன். ஆயினும் சினம் தணிந்தபின் கணக்கை எடுத்துவைத்துப் பார்த்தபோது, மறுக்கப்பட்ட பொருளைக் காட்டிலும் நமக்கு நன்கு பயன்படக்கூடிய பொருளொன்று, எவரிடமும் கையேந்தாமல் நாமே செய்துகொள்ளத்தக்க நிலையில் கிடப்பதைக் கண்டேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை. அன்பர் சிலர்க்கு இது கசக்கலாம். பொறுத்துப் படிக்க வேண்டுகின்றேன்.

முதற்கண் தில்லியின் முறைகேட்டைச் சொல்லிவிடுதல் கடன். 2017ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட மெட்ரோ கொள்கையின்படி ஒரு நகருக்கு 20 இலக்கம் மக்கட்டொகை இருத்தல் வேண்டுமாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி கோவை மாநகராட்சியின் தொகை ஏறத்தாழ 16 இலக்கமே யாதலால் தகுதியில்லையாம். அதே 2011 கணக்கில், கோவையும் அதனையொட்டிய ஊர்களும் சேர்ந்த நகர்த்தொகுதியின் தொகை 21 இலக்கத்துக்கு மேற்பட்டது. தொடர்வண்டி மாநகராட்சி எல்லைக்கல்லைக் கண்டு நின்றுவிடுமா என்ன? மேலும், 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கட்கணக்கை எடுக்காமல் விட்டது யார்? தான் எண்ணாமல் விட்டுவிட்டு, 'நீ எண்ணிக்கையிற் குறைந்தாய்' என்று பிறரைத் தள்ளுவது எந்நாட்டு முறை? ஆக்கிராவும் போபாலும் அதே 2011 கணக்கில் 20 இலக்கத்தைத் தொடாத நகரங்கள். அவ்விரண்டுக்கும் இசைவளிக்கப்பட்டது 2017ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின்னரே. 2024இல் ஆக்கிராவிலும், 2025 இறுதியில் போபாலிலும் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஆங்கே வளைந்த அளவுகோல் ஈங்கே நிமிர்ந்து நின்றுகொண்டது. இதனைக் கண்டு சினவாதவன் தமிழனாயிருத்தல் அரிது.

ஆயின், தில்லி சொன்ன கரணியங்கள் அனைத்தும் இதைப் போன்றன அல்ல. கோவைத் திட்ட அறிக்கையில் 34 கி.மீ. தொலைவுக்கு நாளொன்றுக்கு 5.9 இலக்கம் பேர் ஏறுவர் என்று மதிப்பிட்டிருந்ததை நடுவண் அமைச்சகம் எடுத்துக்காட்டியது. ஏறத்தாழ 54 கி.மீ. ஓடும் சென்னை மெட்ரோவில் 2025 சூலைத் திங்கள் முழுமைக்கும் ஏறியோர் ஒரு கோடியே மூன்று இலக்கத்துச் சொச்சம். நாளொன்றுக்கு மூன்றரை இலக்கத்துக்கும் குறைவு. அதுவே அதுவரை அங்குக் காணாத உயர்ந்த அளவு. சென்னையினும் சிறிய கோவை, சென்னையினும் குறுகிய தடத்தில், சென்னையினும் ஒன்றரை மடங்குக்கு மேல் மக்களை ஏற்றும் என்று எழுதியவர் எந்த நாண்மீனைப் பார்த்து எழுதினார் என்று எனக்கு விளங்கவில்லை. இக்கேள்விக்கு நம் பக்கத்தில் நேரான விடை இதுவரை வரவில்லை. மக்கட்டொகையைப் பற்றி உரக்கப் பேசுகின்றோம். இதைப் பற்றிப் பேசுவதில்லை. பகைவன் கூட்டினாலும் இரண்டும் இரண்டும் நான்கே.

இனி, நாம் கேட்டது எது என்று பார்ப்போம். உக்கடத்திலிருந்து அவிநாசிச் சாலை வழியாக நீலாம்பூருக்கு ஒரு தடம். கோவைத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து சத்தி சாலை வழியாக வளியாம்பாளையம் பிரிவு வரை மற்றொரு தடம். இரண்டும் சேர்ந்து 34.8 கி.மீ.; செலவு 10,740 கோடி உருபா. வகுத்துப் பார்த்தால் ஒரு கி.மீ.க்கு 308 கோடிக்கு மேல் வருகின்றது. தூண்களின்மேல் தடம், நிலையந்தோறும் மின்படிகள், மின்தூக்கிகள், கண்ணாடிச் சுவர்கள். நெடுந்தொலைவு செல்லும் பெருங்கூட்டத்திற்கு இவையெல்லாம் தக்கன. கோவை மக்களுட் பெரும்பாலார் நாள்தோறும் செல்வது நெடுந்தொலைவன்று. சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம், பீளமேட்டிலிருந்து உப்பிலிபாளையம், கணபதியிலிருந்து உக்கடம் என ஐந்தாறு கல் தொலைவுக்குள் அவர்கள் வாழ்வு அடங்கிவிடுகின்றது. இத்துணைச் சிறு தொலைவுக்கு நாற்பது ஐம்பது படி ஏறி, சீட்டு வாங்கி, ஆய்வுக்கு நின்று, மீண்டும் இறங்கி, வெயிலில் நடந்து வீடு சேர்வதற்குள் வண்டியின் விரைவால் கிடைத்த ஊதியமெல்லாம் படிக்கட்டில் கரைந்துபோகும்.

இதை யான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. கோவையின் கீழைப் பகுதியில் ஒரு பள்ளியில் யான் தமிழாசிரியன். 2025 இறுதியில், பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி ஒவ்வொரு நாளும் முதற்பாடவேளை பாதி கழிந்தபின்னரே வந்துகொண்டிருந்தாள். கேட்டால் "பேருந்து வரவில்லை, ஐயா" என்பாள். நாள்தோறுமா ஒரே விடை? ஒரு கிழமை முழுவதும் அவளை வகுப்பு வாயிலில் நிற்கவைத்தேன். பின்னர் ஒருநாள், உறவினர் வீட்டு இழவுக்காக உக்கடத்துக்கு அப்பால் இரவு தங்கிவிட்டு விடியலில் பள்ளிக்கு நேரே புறப்பட்டேன். நிறுத்தத்தில் அவளும் நின்றிருந்தாள். ஆலை வேலைக்குச் செல்லும் அவள் தாயும் உடனிருந்தார். என்னைக் கண்டு நடுங்கி, "ஐயா, நீங்களுமா இந்தப் பேருந்துக்கு?" என்றாள். முதலில் வந்த வண்டி நிறைந்து நிற்காமலே போயிற்று. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதில் தொற்றிக்கொண்டோம். இடையில் இறங்கி வேறொன்று மாறினோம். ஒன்பது கி.மீ. தொலைவைக் கடக்க எழுபத்தைந்து மணித்துளியாயிற்று. அன்று யானும் முதற்பாடவேளைக்குச் செல்லவில்லை. என்னை வாயிலில் நிறுத்துவார் எவருமில்லை. நாங்கள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது தலைக்குமேல் அவிநாசிச் சாலையின் புதிய மேம்பாலத்தில் மகிழுந்துகள் பறந்துகொண்டிருந்தன.

அந்த மேம்பாலத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்சு வரை 10.1 கி.மீ. நீளம், செலவு 1,791 கோடி உருபா, 2025 அக்தோபர் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அறிவியல் வல்லுநர் கோ. து. நாயுடுவின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. (தெருப்பெயர்களிற் சாதிப்பெயரை நீக்குவோம் என்று ஆணையிட்ட அதே அரசு, அதே நாள்களில் இப்பெயரைச் சாதி ஒட்டுடனேயே சூட்டியது வேறு கதை.) அவர் 1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தம் தொழில்வாழ்வைத் தொடங்கியவர். பலரை ஒருங்கே ஏற்றிச் செல்லும் ஊர்தியால் உயர்ந்தவரின் பெயர், ஒருவரும் இருவருமாக அமர்ந்து செல்லும் மகிழுந்துகளுக்கென எழுப்பிய பாலத்தின்மேல் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

பாலம் வேண்டாவென்று யான் சொல்லவில்லை; கட்டியாயிற்று. அதன் பயனை இப்போது முழுமையாகப் பெறவேண்டும் என்பதே என் கருத்து. நெடுந்தொலைவு செல்லும் மகிழுந்துகளை மேலேற்றிவிட்டோம். அங்ஙனமாயின் கீழே கிடக்கும் அகன்ற சாலை யாருக்கு? அதையும் மகிழுந்துக்கே விட்டுவிடுவதா? அங்கேதான் தெருத்தொடரி ஓடவேண்டும்.

தெருத்தொடரி என்று யான் சொல்வது, சாலைப் பரப்பிலேயே தண்டவாளம் பதித்து, மேற்கம்பியிலிருந்து மின்விசை பெற்று, இரண்டு மூன்று பெட்டிகளுடன் ஓடும் தாழ்தள ஊர்தியை. இதனைச் சிலர் 'இலகு ரயில்' என்று எழுதுகின்றனர். இலகு வடசொற் சிதைவு; ரயில் ஆங்கிலம்; இரண்டையும் சேர்த்தொட்டித் தமிழுக்கு உள்ளே இடமே வைக்கவில்லை. பொருளும் பொருந்தவில்லை. தண்டவாளமும் எடையிற் குறைந்ததன்று, வண்டியும் குறைந்ததன்று. மெட்ரோவை நோக்க அது ஏற்றும் தொகை குறைவு என்பதே அவ்வாங்கிலப் பெயரின் கருத்து. தெருவிலேயே ஓடுவது இதன் தனித்தன்மை யாகலான் இக்கட்டுரையில் தெருத்தொடரி என்றே வழங்குகின்றேன். இதனினும் நல்ல சொல் காண்பார் எழுதி விடுப்பாராக.

இவ்வகை ஊர்திக்கு நடுவணரசே 2019இல் 'மெட்ரோலைட்' என்னும் பெயரால் இலக்கணம் வகுத்தது. ஒரு வண்டியில் ஏறத்தாழ 300 பேர். செலவு பெரிய மெட்ரோவின் நூற்றுக்கு நாற்பது பங்கு என்பது அவ்வமைச்சகத்தின் மதிப்பு. ஆயினும் 2025 முடிய அவ்விலக்கணத்தின்படி ஒரு வண்டியும் இந்நாட்டில் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்றால், ஒவ்வொரு நகரத் தலைவரும் 'எங்களுக்கும் சென்னையைப் போல், தில்லியைப் போல்' என்றே கேட்கின்றனர். சிறியதை ஏற்பது இழிவென்று கருதுகின்றனர். பெண்ணுக்கு அணிகலன் எடுக்கப்போய் அடுத்த வீட்டாரின் கழுத்தைப் பார்த்து அளவு சொல்லும் செயலே இது.

கணக்கைப் பாருங்கள். மூன்று மணித்துளிக்கு ஒரு வண்டியென விட்டால் மணிக்கு இருபது வண்டி. ஒவ்வொன்றிலும் 300 பேரெனில் ஒரு திசையில் மணிக்கு 6,000 பேர். நகரச் சாலையில் ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரம் மகிழுந்து சென்றாலே மிகுதி. ஒன்றில் இருவரெனத் தாராளமாகக் கொள்ளினும் 2,000 பேர். தெருத்தொடரியின் இரு தடங்களுக்கும் சேர்த்து வேண்டும் அகலம் ஏழெட்டு மீட்டர். இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் உருளும்போது ஏற்படும் தடை, தொய்வச் சக்கரம் சாலையில் உருளும்போது ஏற்படுவதினும் பன்மடங்கு குறைவு. ஆகவே ஒருவரைக் கொண்டுசெல்ல ஆகும் விசையும் குறைவு. மின்னோடி செய்யும் ஊராருக்கு இதை யான் விளக்கவேண்டுவதில்லை.

செலவைப் பார்ப்போம். 308 கோடியில் நூற்றுக்கு நாற்பது என்றால் கி.மீ.க்கு ஏறத்தாழ 123 கோடி. அமைச்சகத்தின் மதிப்பு குறைவென்று ஐயுறுவோர் பாதி என்றே வைத்துக்கொள்ளட்டும், 154 கோடி. அவிநாசிச் சாலை மேம்பாலத்துக்கு ஆன செலவோ கி.மீ.க்கு 177 கோடி! மகிழுந்துக்குப் பாலம் கட்டிய விலைக்குள் மக்களுக்குத் தெருத்தொடரி அமைத்துவிடலாம். அப்பாலத்தை எழுப்பியது மாநில அரசின் நெடுஞ்சாலைத் துறை; அதற்குத் தில்லியின் இசைவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கவில்லை. அதே 1,791 கோடிக்கு, முதற்கணக்கின்படி பதினான்கரை கி.மீ. தெருத்தொடரியும், இரண்டாங்கணக்கின்படி பதினொன்றரை கி.மீ. தெருத்தொடரியும் கிடைத்திருக்கும்.

இனித்தான் நம் அன்பர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய இடம். மெட்ரோ தொடர்வண்டி நடுவண் சட்டங்களின்கீழ் வருவது; 1978ஆம் ஆண்டின் கட்டுமானச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் இயக்கச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை. ஆகலான் அதனைத் தொட்டால் தில்லியைத் தொட்டாக வேண்டும். தெருத்தொடரி அத்தகையதன்று. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நடுவண் பட்டியலின் 22ஆம் பதிவு தொடர்வண்டிப் பாதைகளைத் தில்லிக்கு வைத்துக்கொள்கின்றது. மாநிலப் பட்டியலின் 13ஆம் பதிவோ சாலை, பாலம், ஓடத்துறை ஆகியவற்றோடு நகராட்சித் தெருவூர்திகளையும் மாநிலத்துக்குரியனவாகப் பெயர்சொல்லிக் கொடுத்துள்ளது. அதுமட்டுமன்று. 'தொடர்வண்டிப் பாதை' என்னும் சொல்லுக்குப் பொருள் வரையறுக்கும் 366ஆம் உறுப்பின் 20ஆம் உட்பிரிவு, ஒரு நகராட்சி எல்லைக்குள் முழுவதும் அடங்கும் தெருவூர்தித் தடம் அச்சொல்லுள் அடங்காது என்று விலக்கியும் வைத்திருக்கின்றது. இருக்கும் உரிமைகளுள் ஒன்றைப் பயன்படுத்தாமலே, இல்லாத இசைவுக்காக நாம் ஏன் தில்லியின் வாயிலில் நிற்கவேண்டும்?

சட்டம் கற்றோர் இதில் நுணுகி வழக்காடக்கூடும். தனிப்பாதையில் ஓடுவது தெருவூர்தியா, மெட்ரோவா என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். தடம் தெருவில் கிடக்கவேண்டும், மாநகராட்சி எல்லைக்குள் முடியவேண்டும் என்னும் இரண்டையும் முதலிலேயே உறுதி செய்துகொண்டால் வழக்குக்கு இடம் குறையும். நீலாம்பூர் வரை இப்போதே செல்லவேண்டுவதில்லை. உக்கடத்திலிருந்து எல்லைவரை முதலில் ஓடட்டும். எல்லை விரியும்போது தடமும் நீளட்டும். பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டுக் கடன் வாங்கவும் தில்லியின் கையொப்பம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால், ஐந்தாறாண்டுகளில் பிரித்துச் செலவிடும் ஈராயிரம் கோடி, மேம்பாலத்துக்குக் கிடைத்தது போலவே, மாநிலத்தின் சொந்தக் கருவூலத்திலிருந்து கிடைக்கக்கூடிய தொகைதான்.

'தெருவூர்தி செத்துப்போன ஒன்றாயிற்றே. சென்னையில் இருந்ததை எடுத்துவிடவில்லையா?' என்று கேட்பார் உளர். நன்றாய்க் கேட்டனர். 1895 மே 7ஆம் நாள் சென்னையில் ஓடத் தொடங்கியதே இந்நாட்டின் முதல் மின் தெருவூர்தி. 'டிராம்' என்று மக்கள் வழங்கினர். அதை நடத்திய குழும்பு பணமுடையால் நொடித்து 1953 ஏப்பிரலில் நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்டபோது, தனியார் குழும்பு கைவிட்டதை அரசு தன் கையிலெடுத்துப் புதுக்கியிருக்கவேண்டும், தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தோம். கொல்கத்தாவில் 1873இல் குதிரை இழுத்ததும் 1902 முதல் மின்விசையால் ஓடியதுமான தெருவூர்தியை, நெரிசலுக்கு அதுவே கரணியமென்று சொல்லி, ஒரு தடம் நீங்கலாக நிறுத்திவிடப்போவதாக மேற்கு வங்க அரசு 2024இல் அறிவித்தது. தெருவூர்திக்கெனத் தனியிடம் ஒதுக்காமல் மகிழுந்துகளை அதன் தடத்திலேயே ஏறவிட்டு, பின் 'தெருவூர்தி ஊர்கின்றது' என்று குற்றஞ்சாட்டினால் அது என் செய்யும்? பிரான்சு நாட்டினரும் இப்பிழையைச் செய்தவர்களே. தம் நகரங்களிலிருந்து ஏறக்குறைய எல்லாத் தெருவூர்திகளையும் பிடுங்கியெறிந்தனர். பின்னர், எறிந்தது தவறென உணர்ந்து, 1985இல் நாந்து நகரிலும் 1987இல் கிரெனோபிளிலும் 1994இல் இசுட்ராசுபர்க்கிலும் புதிதாய் அமைத்தனர். இம்மூன்றும் கோவையினும் மிகச் சிறிய நகரங்கள். குறுகிய தெருக்களில் அவர்கள் தெருவூர்தியை விலக்கவில்லை, மகிழுந்தை விலக்கினர். தெருவூர்தியும் நடப்போரும் மட்டுமே செல்லும் தெருக்கள் அங்கே உண்டு, கடைக்காரர்களும் பிழைக்கின்றனர்.

ஒப்பணக்காரத் தெருவில் இதை ஓட்டமுடியுமா என்று நண்பரொருவர் கேட்டார். இன்றைக்கு முடியாது; முதலில் வேண்டவும் வேண்டா. அகன்ற சாலையிருக்கத் தொடக்கத்திலேயே முட்டுச்சந்தில் தலையைக் கொடுப்பானேன்?

வெளிநாட்டுக் கதைகளில் நமக்கு நல்லவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் நேர்மையன்று. எத்தியோப்பிய நாட்டுத் தலைநகர் அடிசு அபாபாவில், சீனக் கடனாலும் சீனக் குழும்பாலும் முப்பது கி.மீ.க்கு மேற்பட்ட நீளத்தில் இத்தகைய தொடரி 2015இல் அமைக்கப்பட்டது. 41 வண்டிகள் வாங்கினர். சில ஆண்டுகளுக்குள் அவற்றுட் பெரும்பாலானவை ஓடாமல் நின்றுவிட்டன. தேய்ந்த உறுப்புக்கு மாற்றுறுப்பு வாங்க அயற்செலாவணி இல்லை. உள்ளூரில் செய்யவும் வழியில்லை. நீளத்தில் நம் திட்டத்துக்கு நிகரான அத்தொடரியின் நிலை, நமக்குப் பெரியதோர் எச்சரிக்கை. வண்டியைக் கடனுக்கு வாங்கிவிடலாம். அதன் சக்கரத்தையும் நிறுத்துக்கட்டையையும் ஆண்டுதோறும் கடனுக்கு வாங்கமுடியாது.

ஆயின் கோவை அடிசு அபாபா அன்று. வார்ப்பாலைகளும் மின்னோடிப் பட்டறைகளும் நீரேற்றிச் செய்வோரும் கடைசல் பொறியாளரும் தெருத்தெருவாக நிறைந்த ஊர் இது. இந்தியாவின் முதல் மின்னோடியை 1937இல் செய்தது இவ்வூர் என்று பெருமை பேசுகின்றோமே, அப்பெருமை எதற்குப் பயன்படவேண்டும்? வண்டி வாங்கும் ஒப்பந்தத்திலேயே, இன்னின்ன உறுப்புகள் இத்தனை ஆண்டுக்குள் கோவையிலேயே செய்யப்படவேண்டும் என்றும், அவற்றின் வரைபடங்கள் மாநகராட்சிக்கு உரிமையாக்கப்படவேண்டும் என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுத இசையாதவனிடம் வண்டி வாங்கவேண்டா. ஆணை வேண்டிச் சிறு பட்டறைக்காரர்கள் அலையும் நாளில், அவர்களுக்கு இதனினும் நிலையான வேலை வேறெது?

'இத்தனை பாடு எதற்கு, பேருந்துகளைப் பெருக்கினால் போதாதா?' என்பதே எனக்குக் கிடைத்த எதிர்வாதங்களுள் மிக வலியது. இதை யான் எளிதில் தள்ளவில்லை. பேருந்து இல்லாமல் தெருத்தொடரி உயிர்வாழாது. தெருவுக்குள்ளிருந்து மக்களைக் கொண்டுவந்து சேர்ப்பது பேருந்தே. பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கும் வேலையை நாளைக்கே தொடங்கலாம்; பின்னர் அத்தடத்திலேயே தண்டவாளம் பதிக்கலாம். ஆயினும் ஒரு பெருஞ்சாலையில் மணிக்கு 6,000 பேரைப் பேருந்தால் ஏற்றவேண்டுமாயின், எழுபது பேர் வீதம் எண்பத்தைந்து பேருந்து, அதாவது முக்கால் மணித்துளிக்கும் ஒன்றெனத் தொடர்ந்து வரவேண்டும். எண்பத்தைந்து ஓட்டுநர் வேண்டும். ஒவ்வொன்றும் நிறுத்தத்தில் நின்று ஏற்றி இறக்கினால் தனித்தடமும் நெரிசலாகிவிடும். அவ்வளவு கூட்டமில்லாத சாலைகளுக்குப் பேருந்தே தக்கது. அவிநாசிச் சாலைக்கு அது போதாது. இன்னொன்றும் உண்டு. போத்தனூர், இருகூர், சிங்காநல்லூர், பீளமேடு, கோவை வடக்கு என நகரைச் சுற்றி ஏற்கெனவே அகலப்பாதை கிடக்கின்றது. அதில் வட்டவண்டிகள் விட்டாலே நகரின் பாதிச் சுமை குறையும். அதற்குச் செலவும் சிறிது. ஆனால் அது முழுவதும் தில்லியின் கையிலிருப்பது, கேட்டுக்கொண்டேயிருப்போம், காத்திருக்கவேண்டா.

இவ்வளவும் சொல்லியபின், எனக்கே உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021 மே முதல் நகரப் பொதுப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. என் மாணவியின் தாய் ஆலைக்குச் செல்வது அவ்வண்டியில்தான். அந்நாள்வரை பேருந்துக்குச் செலவிட்ட தொகையில் இப்போது மகளுக்குச் சிற்றுண்டி வாங்கித் தர முடிவதாக அன்று நிறுத்தத்தில் அவரே சொன்னார். தெருத்தொடரி வந்ததும் 'இனி இச்சாலையில் பேருந்து எதற்கு' என்று நிறுத்திவிட்டு, தொடரியில் சென்னை மெட்ரோவைப் போல் ஏறியதற்கே பத்து உருபா வாங்கினால், அந்தத் தாய்க்கு நாம் செய்தது நன்மையா, தீமையா? அவரிடமிருந்து எடுத்து, இதுவரை மகிழுந்தில் சென்றோர்க்குக் கொடுத்ததாகவே முடியும். ஆகலான் தெருத்தொடரிக்கும் பேருந்துக்கும் ஒரே கட்டணம், ஒரே சீட்டு, மகளிர்க்கு அதே உரிமை என்பதை முன்னரே சட்டமாக்கவேண்டும். அதனால் வரும் இழப்பை, மேம்பாலத்தில் கட்டணமின்றிச் செல்லும் மகிழுந்துகள் நகர நடுவில் நிறுத்தும் இடத்துக்கு வாங்கும் தொகையால் ஈடுசெய்யலாம். இவ்வுறுதி கிடைக்காவிடில் தெருத்தொடரியை யானே எதிர்ப்பேன்.

பெயர்ப்பலகைகளைப் பற்றித் தனியே எழுதவேண்டுவதில்லை. மாநகராட்சியின் ஊர்தியாயின் அதன் நிறுத்தப் பெயரும் அறிவிப்பும் சீட்டும் தமிழில் இருப்பதை மாநகராட்சி மன்றமே முடிவுசெய்யும். மூன்றாவதொரு மொழியை ஏற்றென்று சொல்ல எவர்க்கும் இடமிராது. மெட்ரோவாக வந்தால் அதற்கும் ஒரு போராட்டம் தேவைப்படும்.

அன்பர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தத்தம் வட்ட மாமன்ற உறுப்பினரைக் கண்டு, அவிநாசிச் சாலையில் மேம்பாலத்தின்கீழ் உப்பிலிபாளையத்திலிருந்து கிழக்கே எல்லைவரை, தூண்களின் இருபுறமும் எத்துணை அகலம் உள்ளது, எந்தெந்த இடத்தில் சுருங்குகின்றது என்று அளந்து வெளியிடும்படி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். அளவெடுக்கத் தில்லியின் இசைவு வேண்டா, கோடிகளும் வேண்டா. இலக்குமி ஆலைச் சந்திப்பிலும் பீளமேட்டிலும் என் பழைய மாணவர் சிலர், நில அளவைத் தொழிலில் உள்ளவர்கள், விடுமுறை நாளில் நாடாவைக் கொண்டு தாமே அளந்துதர முன்வந்துள்ளனர். அவ்வளவுகள் கைக்கு வந்ததும் அடுத்த இதழுக்கு எழுதி விடுப்பேன்.